டாக்டரம்மா கேட்டது

குஞ்சம்மா தன் மச்சாண்டாரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆட்டிடம்தான் சொல்வாள்.

கல்யாணமாகி, காரைக்கால் பக்கம் விழிதியூருக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். புருஷனின் அண்ணன் எதிரே நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. மூத்தவர் பூமிநாதனின் பெண்சாதி உயிரோடு இருந்தவரை பேச்சு அவள் வழியாகப் போய் வந்தது. அவள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு இடையில் ஆளில்லை. குஞ்சம்மாவுக்குப் பிள்ளையும் இல்லை. வாசல் பூவரச மரத்தில் கட்டியிருந்த வெள்ளாடு அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

"ஏ வெள்ளச்சி, கொழம்பு ஆறிப்போவுது. சாப்புட வரச் சொல்லு" என்று இவள் சொல்வாள்.

பக்கத்து வீட்டிலிருந்து அவர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, "வெள்ளச்சி, இன்னைக்கி ஒரு கல்லு உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லு" என்று ஆட்டின் முதுகைத் தட்டிவிட்டுப் போவார்.

குஞ்சம்மாவின் புருஷன் மருதையன் விழுந்து விழுந்து சிரிப்பான். "இந்த ஆடு ஒரு நாளைக்கி வாயத் தொறந்து, எனக்குக் கால் கடுக்குது, நீங்களே பேசிக்கிங்கப்பான்னு சொல்லப்போவுது பாரு."

அதெல்லாம் மருதையன் சிரித்துக்கொண்டிருந்த காலம். எண்பத்திரண்டாம் வருஷத்து ஆடியில் நாற்றங்காலில் நின்றவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தான். சூட்டு வலி என்று இளநீர் கொடுத்தார்கள். குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் போட்டுத் தடவினார்கள். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தபோது, கட்டி ஈரல் வரைக்கும் போய்விட்டது, இனிமேல் அறுக்க முடியாது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கூரையில் விழும் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் மருதையன் முனகுவது கேட்டுக்கொண்டே இருக்கும். நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிப் போட்டவன், துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். துண்டெல்லாம் பல் தடம். குஞ்சம்மா நொய்க் கஞ்சியை வடிகட்டி, உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாக ஊட்டுவாள். நாலு வாய் உள்ளே போகும். பிறகு, "போதும் விடு, வயிறு ஏத்துக்கல" என்பான்.

சாயங்காலம் மட்டும் கொஞ்சம் தேவலையாக இருப்பான். பொழுது சாய்வதற்குள் குஞ்சம்மா ஆட்டை ஓட்டிக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய்விடுவாள். தம்பியைப் பார்க்க மூத்தவர் வரும் நேரம் அது. ஒற்றை அறை வீடு. அவர் உள்ளே வந்து தம்பி பக்கத்தில் உட்கார வேண்டுமென்றால் இவள் வெளியே போயாக வேண்டும். திரும்பி வரும்போது மருதையன் முகம் தளர்ந்து, வெற்றிலை போட்டு வாய் சிவந்திருப்பான். வெற்றிலை வாசனைக்கு அடியில் சாராய வாசனை அடிக்கும்.

குஞ்சம்மாவுக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது. மூத்தவர் வந்து போன பிறகு எவனோ ஒரு கூட்டாளி கொல்லைப் பக்கமாகக் கொண்டுவந்து கொடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. வலிக்குத்தானே என்று விட்டுவிட்டாள். காரைக்காலில் சாராயக் கடைக்கா பஞ்சம்? எல்லை தாண்டி நாகூர், நாகப்பட்டினத்திலிருந்தெல்லாம் வந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் இந்தக் குடும்பம் வேறு. பூமிநாதன் பிடாரி கோவிலில் வருஷா வருஷம் காப்பு கட்டுகிறவர். ஒரு தடவை மருதையன் குடித்துவிட்டு மடையில் விழுந்து கிடந்தான் என்பதற்காக, ஊர் பார்க்கக் கோவிலுக்கு இழுத்துப்போய் எரிகிற கர்ப்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கியவர். அவருக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்று குஞ்சம்மா தினமும் புருஷன் வாயைக் கொப்பளிக்க வைப்பாள். தலைமாட்டில் இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைப்பாள்.

கார்த்திகை பிறக்கும்போது சாயங்கால அமைதியும் போய்விட்டது. "என்னைய எதையாவது குடுத்துக் கொன்னுடு புள்ள" என்று மருதையன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுத மறுநாள், பூமிநாதன் வண்டியைப் பூட்டினார்.

காரைக்காலில் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா பேர் சௌந்தரவல்லி. மருதையனால் உட்கார முடியவில்லை. அவனை அறையில் பார்த்துவிட்டு, வெளியே வேப்ப மரத்தடி பெஞ்சில் படுக்க வைக்கச் சொன்னார். பூமிநாதனும் குஞ்சம்மாவும் உள்ளே நின்றார்கள். அவர் மேஜைக்கு முன்னால். இவள் அவர் முதுகுக்குப் பின்னால், கதவோரம்.

"வலிக்கு நல்ல மாத்திரை இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா எழுதறதுக்கு முன்னாடி சிலது கேப்பேன். மறைக்காம சொல்லணும். இது தலைவலி மாத்திரை மாதிரி இல்ல. அபினிலேர்ந்து எடுக்கறது."

"அபினியாங்க?" பூமிநாதன் பதறினார்.

"மருந்தா அளவாக் குடுத்தா நல்லது. ஆளப் பாத்துக் குடுக்கணும். குடிப் பழக்கம் உண்டா?"

"சேச்சே. காப்பு கட்டற குடும்பங்க எங்களது. தம்பி கர்ப்பூரத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணவன்."

"இப்ப வலிக்காகக்கூட கொஞ்சம் குடிக்கிறதில்லையே? நிறைய பேர் குடுக்கறாங்க, அதனாலதான் கேக்கறேன். தப்பா நெனைக்க மாட்டேன்."

பூமிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இல்லைங்க."

"இழுப்பு, மூச்சுத் திணறல்?"

"கல்லு மாதிரி இருந்தவன்ங்க. அதெல்லாம் கெடையாது."

டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நீதானே சம்சாரம்? முன்னாடி வா. நீ சொல்லு. ராத்திரில மூச்சுக்குச் சிரமப்படறாரா? பக்கத்துல படுக்கறவ, ஒனக்குத்தானே தெரியும்?"

குஞ்சம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. மச்சாண்டார் நிற்கிறார். அவர் முன்னால் படுக்கை பற்றிக் கேட்கிறார்கள். மார்கழிப் பனியில் மருதையன் எழுந்து உட்கார்ந்து இழுப்பதும், இவள் நெஞ்சைத் தேய்த்துவிட்டு வெந்நீர் வைத்துக் கொடுப்பதும், வருஷம் தவறாமல் நடப்பது. அதுவும் தெரியும், சாராயமும் தெரியும். இரண்டும் நாக்கு வரைக்கும் வந்தன. மூத்தவர் இப்போதுதான் வாயால் இல்லை என்று சொன்னார். அவர் சொன்னதை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பொய்யாக்குவதா? யாரிடம் சொல்வது போலச் சொல்வது? சுற்றிப் பார்த்தாள். மேஜை, தராசு, சுவரில் ஒரு காலண்டர். வாயில்லாத ஜீவன் ஒன்றுகூட அங்கே இல்லை.

தலையை அசைத்தாள். டாக்டரம்மா அதை இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

"சரி. கவனமாக் கேட்டுக்கோ. ராத்திரி கஞ்சி குடிச்சதும் ஒண்ணு, முழுசா முழுங்கணும். ஒடைச்சோ, பொடி பண்ணியோ குடுக்காத. வேற யாருக்கு எந்த வலின்னாலும் இதக் குடுக்கக் கூடாது. பிள்ளைங்க கை படாத எடத்துல வை. மலச்சிக்கல் வரும், கீரை குடு, தண்ணி நிறைய குடு. முக்கியமா, சாராயம் கிட்டவே வரக் கூடாது. ரெண்டும் சேந்தா மூச்சு அடங்கிப்போயிடும். எழுப்பி எழுந்திரிக்கலன்னா, மூச்சு விட்டு விட்டு வந்தா, ஒடனே தூக்கிட்டு வந்துடுங்க."

பூமிநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் கழுத்தில் வேர்வை வழிந்ததைக் குஞ்சம்மா பின்னாலிருந்து பார்த்தாள். மழை நாளில் ஏன் இப்படி வேர்க்கிறது என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை அடுக்குப்பானையில் மிளகாய் இருந்த பானைக்குள் வைத்தாள். அங்கே யாரும் கை விட மாட்டார்கள். பொழுது சாய இன்னும் நேரம் கிடந்தது. வழக்கம்போல ஆட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினாள். மழை விட்டிருந்தது. சம்பாப் பயிர் பச்சை கட்டி நின்றது. தண்ணீர்ப் பாம்பொன்று வரப்பைத் தாண்டிப் போயிற்று. இன்று ராத்திரி அவர் தூங்குவார் என்ற நினைப்பே அவளுக்குச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

திரும்பி வந்தபோது மூத்தவர் போய்விட்டிருந்தார். மருதையன் வாய் சிவந்து படுத்திருந்தான். ஆனால் நெற்றி நரம்பு புடைத்தபடியேதான் இருந்தது.

"ஏங்க, இன்னைக்கி எதும் குடிச்சீங்களா? உண்மையச் சொல்லுங்க. டாக்டரம்மா கூடவே கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"எனக்கு யாரு குடுக்கறா?" அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். "வெறும் வெத்தலதான். அந்த மாத்திரையக் குடு புள்ள. ராத்திரி வரைக்கும் தாங்காது."

குனிந்து மோந்து பார்த்தாள். வெற்றிலையும் ஏலக்காயும்தான் மணந்தன. யோசித்தாள். ராத்திரி கொடுப்பதைக் கொஞ்சம் முன்னால் கொடுத்தால் என்ன என்று கஞ்சியைச் சுட வைத்து, ஊட்டி, மாத்திரையைக் கொடுத்தாள். அவன் முழுங்கிவிட்டு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தான். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. துண்டு வாயிலிருந்து நழுவியது. நெற்றி அப்படியே சமனாயிற்று. ஆடிக்குப் பிறகு அந்த முகத்தை அவள் பார்க்கவே இல்லை. தொட்டால் கலைந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மீனு... கெழங்கா மீனேய்..."

காரைக்கால்மேட்டு மீன்காரி காசியம்மா கூடையோடு வாசலில் வந்து நின்றாள். காலையில் விற்றது போக மிச்சத்தைத் திரும்பிப் போகும் வழியில் தள்ளிவிட்டுப் போவது அவள் வழக்கம்.

"சத்தம் போடாத ஆத்தா. தூங்குறாங்க."

"தூங்குறாரா? அட, பிடாரி கண்ணத் தொறந்துட்டா!" காசியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கூடையை இறக்கினாள். "அப்ப நீ இன்னைக்காச்சும் ஒரு வாய் மீன் தின்னு. எலும்பத் துணியில சுத்தி வச்ச மாதிரி இருக்கே. காசு கெடக்குது, எடுத்துக்க."

"ஒரு கூறு குடு. முள்ளு எடுத்துட்டு அவங்களுக்கும் ஒரு வாய் குடுத்துப் பாக்கறேன்."

"ஒனக்கு ஒரு சேதி சொல்லணும், கோச்சுக்காத." காசியம்மா மீனைப் பொறுக்கிக்கொண்டே சிரித்தாள். "ஒங்க பெரியவரு, அந்த விபூதிப் பட்டையும் ஆளும்! நேத்து காலையில எங்க மேட்டுல சாராயக் கடையாண்ட பாத்தேன். துண்டால முக்காடு போட்டுக்கிட்டு பொம்பள மாதிரி நிக்கிறாரு. என்னா சாமி இங்கன்னு கேட்டா, வழி தப்பி வந்துட்டேங்கறாரு. பொறந்ததுலேர்ந்து இங்க கெடக்கறவருக்கு வழி தப்பிடுச்சாம்! ஒரு மாசமா இதே வழிதான் தப்புது. நாங்கள்ளாம் சொல்லிச் சிரிக்கிறோம்..."

குஞ்சம்மாவின் கையிலிருந்த சட்டி கீழே விழுந்து உடைந்தது.

உள்ளே ஓடினாள். மருதையன் அப்படியே கிடந்தான். தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் பாதி திறந்து மூடியது. குறட்டை போல ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. வரவே இல்லை. பிறகு எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு ஒன்று வந்தது.

"ஆத்தா, இவங்களோட பேசிக்கிட்டே இரு, தூங்க விடாத" என்று காசியம்மாவை உட்கார வைத்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு வரப்பு மேல் ஓடினாள். சேறு வழுக்கியது. ஒரு இடத்தில் விழுந்து எழுந்தாள்.

பூமிநாதன் கீழ வயலில் மண்வெட்டியோடு மடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வழக்கம்போல வரப்பிலிருந்து இறங்கி விலகி நின்றார். அவள் விலகவில்லை. அவருக்கு நேரே போய் நின்றாள்.

"மாமா. அவங்களுக்கு நீங்கதான் குடுத்தீங்களா?"

அவர் முகத்தில் அடி விழுந்த மாதிரி ஆனது. அவளைப் பார்க்கவில்லை. ஓடுகிற மடைத் தண்ணீரைப் பார்த்தார். அதற்குச் சொல்வது போலச் சொன்னார்.

"நான்தான் ஊத்திக் குடுத்தேன். ஒரு மாசமாக் குடுக்குறேன். அவன் கத்துறதக் காது கொண்டு கேக்க முடியல. இன்னையோட கடைசின்னுதான்... கடைசின்னு கொஞ்சம் கூடவே ஊத்திட்டேன். ராத்திரிதானே மாத்திரை, அதுக்குள்ள எறங்கிடும்னு நெனச்சேன்."

"நான் அப்பவே குடுத்துட்டேன் மாமா. இழுத்துக்கிட்டுக் கெடக்கறாங்க."

மண்வெட்டி மடையிலேயே விழுந்து கிடந்தது. இரண்டு பேரும் ஒரே வரப்பில், ஒருவர் பின்னால் ஒருவராக ஓடினார்கள்.

வண்டியில் வைக்கோலைப் பரப்பித் தம்பியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பூமிநாதன் மாட்டை விரட்டினார். குஞ்சம்மா அவன் தலையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். மேற்கே வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது.

"கன்னத்துல தட்டிக்கிட்டே இரு தாயி. மூச்சு வருதா?"

"வருது மாமா. தண்ணி தெளிக்கட்டுமா?"

"தெளி. பேசு. பேரச் சொல்லிக் கூப்புடு. பரவால்ல, கூப்புடு."

"மாமா, பள்ளம் பாத்து ஓட்டுங்க. தல ஆடுது."

மருதையனின் கண் கொஞ்சம் திறந்தது. பெண்சாதி முகத்தைப் பார்த்தான். வண்டி ஓட்டும் முதுகைப் பார்த்தான். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. அது சிரிப்பு என்று குஞ்சம்மாவுக்கு மட்டும் தெரியும். குனிந்து காதைக் கொடுத்தாள்.

"பேசிக்கிறீங்களா ரெண்டு பேரும்?" என்றான். நாக்கு தடித்திருந்தது. "அப்ப... ஆட்ட வித்துடு."

"என்னா சொல்றான்? தாயி, என்னா சொல்றான்?"

அவள் அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பாலத்து ஏற்றத்தில் மாடு திணறியது. அங்கே ஒரு மூச்சு வந்தது. காரைக்கால் கோவில்பத்து விளக்குகள் தெரியும் வரை அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பிறகு பூமிநாதன் வண்டியைத் திருப்பினார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். "புண்ணியவான். தூங்குன மாதிரியே போயிட்டாரு." "அந்த வலிக்கு இது எவ்வளவோ தேவல." "ஒம் மஞ்சக் குங்குமம் போனாலும், அவரு நோவு போச்சுன்னு நெனச்சுக்க." குஞ்சம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். ஆண்கள் பக்கம் பூமிநாதனும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அவர் நெற்றியில் விபூதி இல்லை. தீட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். காசியம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து, வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்த பிறகும் அவர் விபூதி பூசவில்லை. ஒரு நாள் காலை வாசலுக்கு வந்து பூவரச மரத்தடியில் நின்றார். பழையபடி ஆட்டின் முதுகில் கை வைத்தார்.

"வெள்ளச்சி, அந்த மிச்ச மாத்திரைய வீட்டுல வச்சிருக்கக் கூடாது. டாக்டரம்மாகிட்டத் திருப்பிக் குடுத்துடணும். எடுத்துத் தரச் சொல்லு."

அவர் கை ஆட்டின் மேலேயே இருந்தது. குஞ்சம்மா அடுக்குப்பானையை இறக்கி, மிளகாய்க்கு நடுவிலிருந்து பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். அவருக்கு நேரே நின்றாள்.

"நானே போறேன் மாமா."

"நீ எதுக்குத் தாயி தனியா?"

"அவங்க என்னையத்தான் கேட்டாங்க. நான் இன்னும் பதில் சொல்லல."

அவர் தடுக்கவில்லை. அவள் தெருவில் இறங்கிய பிறகு, மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு அடி தள்ளிப் பின்னால் நடந்து வந்தார்.

டாக்டரம்மா பொட்டலத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். ஒன்றுதான் குறைந்திருந்தது. நிமிர்ந்து, வெறும் நெற்றியோடு நிற்கிறவளைப் பார்த்தார். நாற்காலியைக் காட்டினார். குஞ்சம்மா உட்காரவில்லை. கதவோரத்தில் பூமிநாதன் நின்றார், போன தடவை அவள் நின்ற அதே இடத்தில்.

"குடிப்பாங்கம்மா" என்றாள் குஞ்சம்மா. "தெனமும் சாயங்காலம் குடிப்பாங்க. மார்கழில இழுப்பும் உண்டு. ராத்திரில எழுந்து ஒக்காந்துக்குவாங்க. நான்தான் நெஞ்சத் தேச்சு விடுவேன்."